கரை எந்தப் பக்கம்? எட்டு நாள் படப் பயணத்துக்கு இடம் தேடிய கதை

எட்டு நாள் லீவு, நான்கு பேர், ஒரு கார், இரண்டு 150-600 எம்எம் லென்ஸ், ஜனவரி கடைசி வாரம். பறவைகளையும் விலங்குகளையும் படம் எடுக்கப் போகிறோம் என்பதைத் தவிர, முதலில் முடிவானது இவ்வளவுதான். எங்கே போவது என்பதில் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. வாட்ஸப் குழுவில் தினமும் ஒருவர் ஓர் ஊரின் பெயரைப் போடுவார், இன்னொருவர் அந்த ஊரில் யாரோ எடுத்த படத்தைப் போடுவார், பட்டியல் நீளும். கடைசியில் போனது நான்கு இடங்களுக்கு. திரும்பி வந்து படங்களைக் கழித்துக்கட்ட உட்கார்ந்தபோது, அந்த நான்கில் ஒன்றுக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. இன்னொன்றில் இரண்டு நாள் கூடத் தங்கியிருக்க வேண்டும். எங்கே சரியாக யோசித்தோம், எங்கே கோட்டை விட்டோம் என்று எழுதிவைக்கிறேன். அடுத்த தடவை எனக்கே உதவும்.

முதல் பட்டியல்

பழவேற்காடு, வேடந்தாங்கல், கோடியக்கரை, கூந்தன்குளம், வால்பாறை, மூணாறு, மசினகுடி. எட்டு நாளில் ஏழு இடம். பூநாரை, வெளிமான், மஞ்சள் மூக்கு நாரை, சோலைமந்தி, வரையாடு, யானை, அதிர்ஷ்டம் இருந்தால் புலி. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. காரை ஓட்ட ஒப்புக்கொண்டிருந்த அண்ணன் பட்டியலை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, "சார், பறவை பார்க்கப் போறீங்களா, ரோடு பார்க்கப் போறீங்களா?" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டோம். சென்னையில் கிளம்பி இந்த ஏழையும் தொட்டுத் திரும்பினால் தூரம் 2,000 கிலோமீட்டரை நெருங்கியது. மலைப்பாதை, ஊர்ச்சாலை எல்லாம் சேர்த்துச் சராசரி 45 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் 44 மணி நேரம் காரிலேயே போய்விடும். ஜனவரியில் நம் ஊரில் சூரியன் எழ ஆறரை மணி ஆகிறது. நல்ல வெளிச்சம் என்பது காலையில் ஏழிலிருந்து ஒன்பது வரை, மாலையில் நாலிலிருந்து ஆறு வரை. ஆக ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், எட்டு நாளைக்கு 32 மணி நேரம். அந்த 32-ல் பாதியாவது ஏதோ ஒரு டோல்கேட்டில் கழிந்திருக்கும்.

முதலில் மூணாறை வெட்டினோம். அங்குள்ள எரவிகுளத்தில் வரையாடு குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடுவார்கள். நாங்கள் போகிற தேதி அதை ஒட்டி வந்ததால் ரிஸ்க் எடுக்கவில்லை. வரையாடு வால்பாறைப் பாதையிலேயே கிடைக்கும் என்ற தைரியமும் இருந்தது. அடுத்தது பழவேற்காடு. அங்கே பூநாரைகள் உண்டு, ஆனால் ஏரி பெரியது. கூட்டம் இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும், நாளைக்கு ஆந்திரப் பக்கம் போய்விடும். படகில் போய்த்தான் தேட வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கம் என்பதால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்க்கொள்ளலாம் என்று விட்டோம்.

மசினகுடிக்குத்தான் பெரிய சண்டை. புலி என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. மசினகுடியை ஒட்டிய முதுமலையில் வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பது எதுவும் நம் கையில் இல்லை. காட்டுச்சாலையில் நம் காரை நிறுத்தவும் கூடாது, இறங்கவும் கூடாது. போதாததற்கு ஜனவரியில் புதரெல்லாம் பச்சையாக நிற்கும். உண்ணிச்செடிக்குப் பின்னால் யானையே நின்றாலும் முதுகுதான் தெரியும். புலி படம்தான் வேண்டும் என்றால் கோடையில் கர்நாடகத்தின் கபினிக்கோ மகாராஷ்டிரத்தின் தடோபாவுக்கோ போவதுதான் முறை. தண்ணீர் வற்றி, புல் காய்ந்து, விலங்குகள் ஒரே குட்டைக்கு வந்து நிற்கிற காலம் அது. ஜனவரியில் புலி தேடுவது லாட்டரி. இதை நான் சொன்னபோது ஒரு நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கேள்வியை மாற்றினோம்

மிச்சம் நான்கு. அதோடு நிறுத்திக்கொண்டு, "அங்கே என்ன இருக்கும்" என்று கேட்பதை விட்டோம். என்ன இருக்கும் என்பதற்கு, பறவை பார்க்கிறவர்கள் தங்கள் பட்டியலைப் போடுகிற ஈபேர்ட் இணையதளம் போதும். ஓர் ஏரியின் பெயரைத் தட்டினால் எந்த மாதம் எந்த வாரம் எந்தப் பறவை பதிவாகியிருக்கிறது என்று காட்டிவிடும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு ஜனவரி நடுவில் நடப்பதால், நாங்கள் கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முந்திய பட்டியல்களே கிடைத்தன. ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டவர் பறவையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார் என்று அது சொல்லாது. பறவை பார்க்கிறவருக்கு 400 மீட்டர் ஒரு பிரச்சினையே இல்லை. படம் எடுக்கிறவனுக்கு 400 மீட்டரில் பூநாரை ஒரு இளஞ்சிவப்புக் கீற்று.

ஆகவே கேள்வி இப்படி மாறியது: நான் எங்கே நிற்பேன்? அங்கே நின்றால் வெயில் என் முதுகில் விழுமா, முகத்தில் விழுமா? காற்று எங்கிருந்து வரும்?

காற்று எதற்கு என்று கேட்கலாம். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிராகத்தான் முகத்தை வைத்துக்கொள்ளும். ஜனவரியில் நம் கடற்கரையில் வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து வரும். காலையில் சூரியனும் கிழக்கில்தான். ஆகவே காலை நேரத்தில் பறவைக்குக் கிழக்கே நாம் நின்றால் வெயில் நம் முதுகில், பறவை நம்மைப் பார்த்து இறங்கும். மாலையில் இது அப்படியே தலைகீழ். வெளிச்சத்துக்காக மேற்கே போய் நின்றால் பறவை நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்கும். இந்தச் சின்ன விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூவாயிரம் வால் படங்கள் சொல்லித்தந்தன.

இன்னொன்று தண்ணீர். நம் ஏரிகள் முழுக்க முழுக்க வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. 2016-ல் அந்த மழை பாதிக்கும் மேல் குறைந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மிதந்தன. ஒரே ஏரி ஒரு ஜனவரியில் விளையாட்டுத் திடல் மாதிரி கிடக்கும், இன்னொரு ஜனவரியில் கரை ததும்ப நிற்கும். வற்றினால் பறவை வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ததும்பினாலும் சிக்கல்தான் என்பது படம் எடுக்கப் போனால்தான் தெரியும். உள்ளான்களுக்குக் கால் வைக்கச் சேறு இல்லாமல் போய்விடும், வாத்துகள் நடு ஏரிக்குப் போய்விடும். ஆகவே "போன வருஷம் சூப்பரா இருந்துச்சு" என்ற பேச்சுக்கு மதிப்பே இல்லை. அந்த வாரம் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஊர்க்காரர் யாரையாவது கேட்பதுதான் ஒரே வழி. டீக்கடை போன் நம்பர் ஒன்று போதும்.

வேடந்தாங்கல்: வெளிச்சம் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை

சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். ஏரி 30 ஹெக்டேர்தான். நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்க, அவற்றின் மேல் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா என்று அடுக்குமாடிக் குடியிருப்பு போலக் கூடுகள். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-லேயே எழுதி வாங்கிய ஊர் இது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு காலையில் வந்து நன்றாக அடிபட்டிருக்கிறேன். படம் என்றால் அதிகாலை என்ற பொதுப்புத்தியில் ஆறு மணிக்கே கரையில் போய் நின்றேன். ஏரிக்குக் கரை மேற்கிலும் தெற்கிலும் இருக்கிறது. பார்வையாளர் நடப்பது அதன் மேல்தான். நான் கிழக்கே பார்க்க, சூரியன் என்னைப் பார்க்க, நடுவில் பறவைகள். கறுப்பு நிழலுருவங்களாகவே 800 படம். சாட்டிலைட் படத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் கரை எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

இந்த முறை மாலை மூன்றரைக்குப் போனோம். வெயில் முதுகில், பறவைகள் மேல் தங்க வெளிச்சம். நாலே முக்காலுக்கு மேல் இரை தேடப் போன கூட்டங்கள் திரும்ப ஆரம்பித்தன. அரிவாள் மூக்கன் வரிசை வரிசையாக வந்தது. ஆனால் முன்னே சொன்ன காற்றுக் கணக்கு இங்கே சரியாகப் பழிவாங்கியது. வாடைக்கு எதிராகத் திரும்பி இறங்கியதால் கடைசி நொடியில் எல்லாம் எங்களுக்கு வாலைக் காட்டின. பக்கவாட்டில் பறந்து போனவை மட்டும் தேறின. கரையிலிருந்து மரங்கள் 600 எம்எம்முக்கே கொஞ்சம் எட்டம் வேறு.

வேடந்தாங்கல் மோசம் என்று சொல்லவில்லை. முதல் தடவை போகிறவருக்கு, குழந்தைகளோடு போகிறவருக்கு, பறவை அடையாளம் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எட்டு நாள் படப் பயணத்தில் ஒரு மாலையை இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். போகாமல் இருந்திருக்கலாம் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

கோடியக்கரை: மூன்று காலை

அங்கிருந்து வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை, முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று இரவு வைத்திருந்தோம். ஒரே ஊரில் உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, சதுப்பு, உப்பளம், கடல் என்று ஐந்து வகை நிலம். அதில் பாதி இடங்களில் நாம் எங்கே நிற்பது என்பதை நாமே முடிவு செய்யலாம். இவ்வளவு வசதி உள்ள இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. 2002-லேயே உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம், தமிழ்நாட்டிலிருந்து முதலாவது. வெளிமானுக்காக 1967-ல் சரணாலயம் ஆனது.

முதல் காலை வீண். வேதாரண்யத்தில் நாங்கள் தங்கிய லாட்ஜில், அஞ்சு மணிக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறேன் என்று முதல் நாள் இரவு சொன்ன காவலாளி, பூட்டிவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார். சாவி அவர் இடுப்பில். நாங்கள் நாலு பேரும் டிரைபாடும் கையுமாகக் கேட்டுக்கு உள்ளே நின்றோம். ஆறே முக்காலுக்கு அவர் வந்து, "பறவை எங்க போயிரப்போகுது சார்" என்றார். பறவை எங்கும் போகாது. வெளிச்சம் போய்விடும்.

இரண்டாம் காலை பூநாரை. சதுப்பின் ஓரத்தில் நின்று பார்த்தால் தொலைவில் ஒரு நீண்ட வெளிர் சிவப்புக் கோடு. கூட்டம்தான், ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் முக்கால் கிலோமீட்டர். அதற்கு மேல் நடந்தால் முழங்கால் வரை சேறு. நாம் நூறடி நடந்தால் அவை முந்நூறடி நகர்ந்துகொள்ளும். எட்டரை மணிக்கெல்லாம் இன்னொரு பிரச்சினை கிளம்பியது. உப்பு நிலம் சூடேறி, தரையை ஒட்டிக் கானல் அலைய ஆரம்பித்தது. எத்தனை படம் எடுத்தாலும் பறவையின் விளிம்பு தண்ணீரில் கரைந்த மாதிரி வந்தது. எங்களில் ஒருவர் தன் லென்ஸ் போச்சு என்று நினைத்துச் சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டுவிட்டார். லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. இருநூறு மீட்டருக்கு மேல் சூடான நிலத்தின் குறுக்கே எடுக்கிற எந்தப் படமும், லென்ஸ் எவ்வளவு விலையானாலும், அப்படித்தான் வரும். கோடியக்கரையில் பூநாரையை அருகில் எடுக்கலாம் என்ற நினைப்பை அன்றே மூட்டை கட்டினோம்.

மூன்றாம் காலைதான் பயணத்தின் காலை. முந்திய மாலை உப்பளத்துப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது, பாத்தி கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். பூநாரை எங்கே கிட்ட வரும் என்று கேட்டோம். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அது வராதுங்க தம்பி. நீங்க காலைல மதகுகிட்ட வந்து உக்காருங்க. தண்ணி திறக்கிறப்ப மீன் வரும். மத்ததெல்லாம் தானா வரும்" என்றார்.

போய் உட்கார்ந்தோம். மதகுக்குக் கிழக்கே ஒரு வரப்பு. காரை வரப்பை ஒட்டி நிறுத்தி, இரண்டு பேர் காருக்குள்ளேயே இருந்துகொண்டோம். கண்ணாடியை இறக்கி, அதன் மேல் மஞ்சப்பையில் இரண்டு கிலோ இட்லி அரிசியைக் கட்டி வைத்து, லென்ஸை அதில் அமர்த்தினோம். லென்ஸ் வைக்கக் கடையில் விற்கிற பீன் பேக்கைவிட இது நன்றாக அமுங்கும், திரும்பி வந்தால் இட்லியும் ஆகும். மற்ற இரண்டு பேர் வரப்பின் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். ஏழே காலுக்கு மதகில் தண்ணீர் இரைந்தது. ஐந்து நிமிடத்துக்குள் சின்னக் கொக்கு இரண்டு, அப்புறம் நெடுங்கால் உள்ளான், அப்புறம் மீசை ஆலாக்கள். ஆலா தண்ணீருக்கு மேல் ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும், தலையைக் குனிந்து பார்க்கும், விழும், எழும்பும். ஒவ்வொரு முறையும் வாடைக்கு எதிராக, அதாவது எங்களைப் பார்த்து. பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் தூரம். நொடியில் 2500-ல் ஒரு பங்கு (1/2500) ஷட்டரில் அதன் அலகிலிருந்து தெறித்த நீர்த்துளிகள் கோர்த்த மணி மாதிரி நின்றன. படுத்திருந்தவர்களின் படம் எங்கள் படத்தைவிட ஒரு படி மேல், ஏனென்றால் அவர்களின் கேமரா பறவையின் கண் மட்டத்தில் இருந்தது. ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை.

வெளிமான் மாலைகளில் கிடைத்தது. வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கி, கூட ஆளோடுதான் உள்ளே போக வேண்டும். முறுக்குக் கொம்புள்ள ஆண் மான் தனக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வரும். ஆகவே துரத்த வேண்டாம், ஓரிடத்தில் நின்றால் போதும். ஆனால் சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் ஏறிவிட்டதால் பின்னணி சுத்தமாகக் கிடைப்பது கஷ்டம். கேமராவை மானுக்குக் குறிவைத்தால் நடுவில் குதிரை வந்து நிற்கும். எப்போதோ கட்டறுந்து காட்டுக்குப் போன நாட்டுக் குதிரைகளின் வம்சம் இவை. அவற்றுக்குக் கேமரா என்றால் கொள்ளை ஆசை போலிருக்கிறது. வெளிமான் மட்டுமே குறி என்றால் குஜராத்தின் வேளாவதர் இதைவிடப் பல மடங்கு மேல்.

பழைய பயணக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இங்கே போகாதீர்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையேறியது. அதற்கு முன்பு எடுத்த சாட்டிலைட் படத்தில் அடர்ந்த நிழலாகத் தெரிகிற இடங்களில் நாங்கள் பார்த்தது சாய்ந்த மரங்களும் புதரும். ஆறுமணிக்குருவி மட்டும் அந்தப் புதருக்குள்ளிருந்து சரியாகச் சாயங்காலம் ஆறுக்குக் கத்தியது. படம் கிடைக்கவில்லை.

கூந்தன்குளம்: ஊரே கூடு

கோடியக்கரையிலிருந்து இராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலி. ஒரு முழு நாள் ரோட்டிலேயே போயிற்று. ஆனால் இரண்டு இரவு தங்கினதால் அது உறுத்தவில்லை. தங்கியது திருநெல்வேலியில், கூந்தன்குளம் அங்கிருந்து ஏறக்குறைய முக்கால் மணி, நாங்குநேரிப் பக்கம்.

இங்கே ஏரியை நம்பிப் போனோம், படம் கொடுத்தது தெரு. வரித்தலை வாத்து எடுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். இமயத்தைத் தாண்டி வருகிற பறவை என்ற கவர்ச்சி. ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. வாத்துகள் நடுவில் ஒரு சாம்பல் திட்டாக மிதந்தன. கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து இரண்டு காலை பார்த்தோம், பார்த்தோம், அவ்வளவுதான்.

ஊருக்குள் திரும்பியபோதுதான் தலைக்கு மேல் சலசலப்பு. வேப்பமரத்தில், புளியமரத்தில், வீட்டுக் கொல்லைக் கருவேல மரத்தில் எல்லாம் மஞ்சள் மூக்கு நாரை. தெருவில் மாவுபாக்கெட் விற்கிறவர் போகிறார், பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், தலைக்குப் பத்தடி மேலே ஒரு நாரை சுள்ளியைக் கூட்டில் செருகிக்கொண்டிருக்கிறது. பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட இந்த ஊரில் வெடி போடுவதில்லை. நூறு மீட்டரில் பறந்துவிடுகிற அதே நாரை இங்கே பத்து மீட்டரில் நம்மைச் சட்டை செய்யாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். இந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகச் சேர்த்துவைத்த நம்பிக்கையை நாம் போய் ஓசியில் அனுபவிக்கிறோம்.

கழுத்தை அண்ணாந்து எடுத்தால் வெறும் வயிறும் வெள்ளை வானமும்தான் வரும். ஒரு வீட்டு வாசலில் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்த அம்மா, "தம்பி, மரத்துக்கு அடியில நிக்காதீய, சட்டை நாசமாப் போவும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தொப்பியில் விழுந்தது. அவர் சிரித்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க்கொள்ளச் சொன்னார். மாடியிலிருந்து பார்த்தால் கூடு கண் மட்டம். பின்னணியில் தூரத்து வயல், மங்கலான பச்சை.

இரண்டு மணி நேரம் ஒரே கூட்டை எடுத்தோம். ஆண் பறவை சுள்ளிக்குப் போய்த் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் அதே தென்னைக்கு மேலாகத்தான் வந்தது. ஆகவே தென்னை உச்சியில் ஃபோகஸை வைத்துக் காத்திருந்தால் போதும். சிறகு விரித்து, கால் தொங்கவிட்டு, வாயில் சுள்ளியோடு நேராக இறங்கியது. முதுகோரத்து ரோஜாச் சிறகுகள் காலை வெயிலில் உள்ளிருந்து ஒளிவிட்ட மாதிரி தெரிந்தன. அது போனதும் பக்கத்துக் கூட்டுக்காரர் எட்டி அந்தச் சுள்ளியையே உருவி எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தவர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த சுள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் திட்டத்தில் இந்தத் தெருவே இல்லை. ஒரு நாள் மட்டும் வைத்திருந்தால் இரண்டு காலையும் கோபுரத்தில் கழித்தது போலவே அந்த ஒரு காலையும் கழிந்து, கிளம்பியிருப்போம்.

வால்பாறை: போகாமல் விட்ட மரம்

கடைசி இரண்டு இரவு. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனையில் வரையாடு நின்றது, சுவரில் ஏறி நின்றே போஸ் கொடுத்தது. பத்து நிமிடத்தில் முடிந்த வேலை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

புதுத்தோட்டத்துச் சோலைமந்திகளுக்குத்தான் ஒரு காலை. சாலையோரமாகவே கூட்டம் வரும், ஆளுக்குப் பழகியவை. இங்கே 600 எம்எம் தேவையே இல்லை. 70-200 எம்எம் லென்ஸ் வைத்திருந்தவர்தான் ஜெயித்தார். கறுப்பு முகம், அதைச் சுற்றி வெள்ளிப் பிடரி, பின்னால் வானம் என்றால் முகம் வெறும் ஓட்டையாகத்தான் வரும். மூடுபனி இறங்கியிருந்த அரை மணி நேரம் மட்டும் கண் தெரிகிற மாதிரி படங்கள் வந்தன. வெயில் வந்ததும் மூட்டை கட்டிவிட்டோம். யாராவது பிஸ்கட் நீட்டினால் அவை கார் பானட்டில் ஏறிவிடும். அப்படி எடுத்த படத்தில் காட்டைத் தவிர எல்லாம் இருக்கும்.

பெரிய அலகுள்ள இருவாட்சிப் பறவைக்கு அங்கே போய்த்தான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஜனவரிக் கடைசி என்றால் கூடு வைக்கிற காலம் ஆரம்பம். பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சின்னக் கீறல் மட்டும் விட்டு; அதன் வழியாக ஆண் கொண்டுவந்து கொடுக்கிற பழம்தான் அதற்குச் சாப்பாடு. உள்ளூர்க்காரர் ஒருவர் அப்படி ஒரு மரம் தெரியும், கூட்டிப்போகிறேன் என்றார். எங்களில் ஒருவருக்குப் போகத்தான் ஆசை. நிற்கிற இடம், வெளிச்சம், தூரம் என்று நாங்கள் போட்ட எல்லாக் கணக்கிலும் முழு மார்க் வாங்குகிற இடம்தான். ஆனால் அடியில் நாலு பேர் நின்றால் ஆண் பறவை மரத்துக்கு வராது. வராத நேரமெல்லாம் உள்ளே பட்டினி. போகவில்லை. பதிலாக, எங்கே அத்திப்பழம் பழுத்திருக்கிறது என்று டீக்கடையில் விசாரித்தோம். ஒரு மரத்தைச் சொன்னார்கள். சாலையிலிருந்தே தெரிந்தது. மாலை நாலரைக்கு இரண்டு இருவாட்சி வந்து பழத்தை மேலே தூக்கிப் போட்டு விழுங்கின. தூரம் கொஞ்சம் அதிகம்தான். இறக்கை இரையும் சத்தம் மட்டும் பக்கத்திலேயே கேட்டது.

தேயிலைக்குள் விடியுமுன் நடக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. அங்கே யானை நடமாட்டத்தைத் தெரிவிக்கச் சிவப்பு விளக்குகளும் எஸ்எம்எஸ் தகவலும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். முதல் இரவே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தோம். அந்த யோசனை அதோடு முடிந்தது. எஸ்டேட் எல்லாம் தனியார் நிலம் என்பதால் எப்படியும் அவர்களைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

திரும்பி வந்தபின்

வைத்துக்கொண்ட படங்களில் பாதிக்கு மேல் கோடியக்கரை, அதிலும் பெரும்பாலானவை அந்த ஒரு மதகுக் காலை. அடுத்தது கூந்தன்குளத்து மொட்டை மாடி. வேடந்தாங்கலிலிருந்து ஒன்றே ஒன்று. இரண்டு நல்ல இடங்களையும் வரைபடத்தில் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மண்வெட்டியோடு நின்றவரும் வாசலுக்கு வந்த அம்மாவும் சொன்னார்கள். அப்படிச் சொல்வதற்கு நாம் அந்த ஊரில் இரண்டாம் நாள் இருக்க வேண்டும், அவ்வளவே. ஒன்றரை மாதம் ஏழு ஊர்களைப் பற்றிப் பேசினதற்குப் பதிலாக, இரண்டு ஊர்களின் வெள்ளாமை, தண்ணீர், மதகு திறக்கிற நேரம் பற்றி விசாரித்திருக்கலாம்.

செலவு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இடத்தைக் குறைத்ததால் டீசலில் மிச்சமானது தங்குமிடத்துக்குப் போய்விட்டது, மொத்தத்தில் வித்தியாசமில்லை.

வருகிற ஜனவரிக்குக் கோடியக்கரை நான்கு இரவு, கூந்தன்குளம் மூன்று இரவு என்று முடிவாகிவிட்டது. புலி கேட்ட நண்பர் ஏப்ரலில் கபினிக்குத் தனியாகப் போகிறார். வேதாரண்யத்தில் வேறு லாட்ஜுக்குப் போன் செய்து ரூம் கேட்டேன். வாடகை, ஏசி, பார்க்கிங் எல்லாம் அவர்களாகவே சொன்னார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி கேட் சாவி யார்கிட்ட இருக்கும்?"